13 நாள், 280 பூத்: சிறிய கட்சி வாக்காளரிடம் எப்படிப் போய்ச் சேருவது?

தொகுதிப்பணி (இழையைத் தொடங்கியவர்)

பதிவு பெற்று இன்னும் அங்கீகாரம் கிடைக்காத ஒரு கட்சிக்கு வேலைத் திட்டம் போடுகிறோம். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதி. பாதி பேரூராட்சி, பாதி கிராமம். வாக்காளர்கள் இரண்டரை லட்சம், பூத் 280 என்று கணக்கு. வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம். எங்களிடம் அதில் பாதிதான் தேறும். பெரிய கட்சிகளுக்கு ஊருக்கு ஊர் கிளைச் செயலாளரும் பாக முகவரும் இருக்கிறார்கள். எங்களுக்கு நம்பி வேலை கொடுக்கக்கூடிய ஆள் இருப்பது 90 பூத்தில்தான்.

எதில் பணத்தைப் போடுவது, எதில் ஆளைப் போடுவது, எதைத் தொடவே வேண்டாம்? "மக்களோடு மக்களாக இருங்கள்" மாதிரியான பதில் வேண்டாம், செய்முறை வேண்டும்.

பாகம்எண்

முதலில் தேதிகளைப் பாருங்கள். 2021 தேர்தலில் பிப்ரவரி 26 அறிவிப்பு. மார்ச் 12 முதல் 19 வரை மனுத்தாக்கல், 22 அன்று வாபஸ். ஏப்ரல் 4 மாலை 7 மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது, 6 அன்று வாக்குப்பதிவு. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த பிறகு முழுசாகக் கையில் இருந்தது 13 நாள். பட்டியல் தயாரிப்பு, பூத்துக்கு ஆள் பிடிப்பு இதெல்லாம் அந்த 13 நாளுக்குள் வந்தால் பிரச்சாரத்துக்கு நேரம் இருக்காது. அறிவிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வேலை தொடங்குவது வாக்காளர் பட்டியலில்தான். இணையத்தில் கிடைக்கும் பாகம் (ஒரு பூத்துக்கு உரிய பட்டியல் பகுதி) வாரியான பிடிஎஃப் படக்கோப்பு. தேடினால் பெயர் வராது. தேடத்தக்க வடிவில் தர ஆணையத்துக்கு உத்தரவிட முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். ஒரு பக்கத்துக்கு 30 பெயர், 900 வாக்காளர் உள்ள பாகம் என்றால் 30 பக்கம். உங்கள் 90 பூத்துக்கு மட்டும் செய்யுங்கள். 280-க்கும் அரைகுறையாகச் செய்து வைத்தால் எதற்கும் பயன்படாது.

தட்டச்சு செய்யும்போது வரிசை எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். திருத்தத்துக்குத் திருத்தம் அது மாறும். வாக்காளர் அட்டை எண்ணை, அதாவது மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த அந்தப் பத்தை, திறவுகோலாக வையுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பழைய பட்டியலோடு புதியதை ஒட்டிப் பார்க்க வேறு வழியே இல்லை. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலிலேயே மாநிலம் முழுக்க 90 லட்சத்துக்கு மேல் பெயர்கள் போயிருந்தன. அதோடு ஒரு பூத்துக்கு 1,500 என்றிருந்த உச்ச வரம்பு 1,200 ஆனதால் பாகங்களே உடைந்திருக்கின்றன. பழைய 114-ஆம் பாகம் இப்போது அதே தெருக்களைக் குறிக்கும் என்று நம்பக் கூடாது.

அடுத்தது நடை வரிசை. பட்டியல் கதவு எண்படி இருக்கும். கிராமத்தில் கதவு எண் தெருவின் போக்கில் இருக்காது. பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்திருக்கும். பிரிந்து போன அண்ணன் தம்பி மூன்று வீட்டில் இருந்தாலும் பட்டியலில் ஒரே எண்ணில் நிற்பார்கள். ஒருவர் பட்டியலோடு தெருவில் நடந்து, எதிர்ப்படும் வீட்டின் வரிசைப்படி பெயர்களை மாற்றி எழுத வேண்டும். "மாரியம்மன் கோயில் தெரு, கிழக்கிலிருந்து இடப்பக்கம் 1" என்ற மாதிரி. இந்த ஒரு வேலையைச் செய்து வைத்தால் வீடு வீடாகப் போகும் குழுவுக்கு ஒரு மாலையில் ஒரு மணி நேரம் மிச்சம்.

நேரக் கணக்கு: 900 வாக்காளர் என்றால் 300 வீடு. மூன்று பேர் குழு, வீட்டுக்கு நடையும் சேர்த்து 4 நிமிடம், மணிக்கு 15 வீடு. மாலை 5 முதல் 8 வரை 45. நான்கில் ஒரு வீடு பூட்டியிருக்கும். ஆக முதல் சுற்று ஏழு நாள், பூட்டிய வீடுகளுக்கும் பிடிகொடுக்காதவர்களுக்கும் இரண்டாவது சுற்று நான்கு நாள். 13 நாளில் அடங்கிவிடும். இதே ஆட்களை 280 பூத்துக்கும் பங்கு போட்டால் முதல் சுற்றே முடியாது.

கீழவீதி

பாகம்எண் சொன்னதில் துணைப் பட்டியல் விட்டுப்போயிருக்கிறது. தொடர் திருத்தத்தில் சேர்ந்த பெயர்கள் மனுத்தாக்கல் கடைசி நாள் வரைக்கும் பாகத்தின் கடைசியில் தனியாக வரும். புது வாக்காளர், கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். எந்தக் கட்சி மேலும் முடிவாகப் பிடிப்பு வைக்காதவர்கள் இவர்களில் அதிகம். முதன்மைப் பட்டியலை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போகிற குழு இவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று, இறந்தவர், இடம் மாறியவர், வராதவர் பட்டியலைப் பூத் வாரியாகத் தேர்தல் அலுவலர் தருவார். அதைக் கேட்டு வாங்குங்கள். வாக்குப்பதிவு அன்று உங்கள் ஏஜென்ட் கையில் அது இருக்க வேண்டும்.

செலவுப்பதிவேடு

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 40 லட்சத்தை இரண்டரை லட்சத்தால் வகுத்தால் வாக்காளருக்கு 16 ரூபாய். உங்கள் 20 லட்சத்துக்கு 8 ரூபாய். எந்தச் செலவைப் பற்றிப் பேசினாலும் இந்த 8 ரூபாயை முன்னால் வைத்துப் பேசுங்கள்.

கட்டாயச் செலவை முதலில் ஒதுக்குங்கள். டெபாசிட் 10,000 (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5,000). செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்ப வரும். அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால் முன்மொழிய அதே தொகுதி வாக்காளர் 10 பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் பெயர் பட்டியலில் இல்லாமல் போனாலும் மனு தள்ளுபடி. நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம், வேறு வேறு முன்மொழிபவர்களோடு இரண்டாவது தாக்கல் செய்வது பாதுகாப்பு. வேட்பாளர் மீது குற்ற வழக்கு இருந்தால் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் தர வேண்டும், அதுவும் செலவுதான்.

வாக்குப்பதிவு அன்று பூத் மேசைச் செலவு பலருக்குக் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. பூத்துக்கு 1,000 ரூபாய் வைத்தாலும் 280-க்கு 2,80,000. உங்கள் பணத்தில் ஏழில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விடும். இதை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆட்டோவுக்கும் நோட்டீசுக்கும் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு வைக்கும் முறை: மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஒருவருக்கு மொத்தமாக 10,000-க்கு மேல் போனால் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம்தான். பதிவேட்டில் மூன்று பகுதி: அன்றாடக் கணக்குக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறையாவது சரிபார்ப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மனுத்தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாம் கணக்கில் வரும். கொடியை இரண்டு மாதம் முன்பே வாங்கியிருந்தாலும், இப்போது கட்டினால் இப்போதைய செலவு.

சிக்கல் வருகிற இடம் தேர்தல் அதிகாரிகள் தனியாக வைக்கும் நிழல் பதிவேடு. உங்கள் கூட்டத்தை அவர்களுடைய வீடியோக் குழு எடுத்து, நாற்காலி, பந்தல், தொப்பி, வாகனம் என்று எண்ணி, மாவட்ட விலைப்பட்டியல்படி தொகை போட்டு வைத்திருக்கும். நீங்கள் 200 நாற்காலி என்று எழுதி, அவர்கள் படத்தில் 450 இருந்தால் நோட்டீஸ் வரும். 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். அன்றைய கணக்கை அன்று இரவே எழுதுகிற ஒருவரை, வேறு எந்த வேலையும் தராமல், உட்கார வையுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குத் தராவிட்டால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தடை வரும். தோற்ற வேட்பாளர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்; தோற்ற பிறகு யாரும் பில்லைத் தேடுவதில்லை.

தலைவர் கூட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களைப் போன்ற கட்சிக்கு நட்சத்திரப் பேச்சாளர் 20 பேர் வரை (அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40). அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் வேட்பாளர் மேடை ஏறினாலோ, அவர் பெயரோ படமோ மேடையில் இருந்தாலோ கூட்டச் செலவில் அவருக்கும் பங்கு விழும். சிறிய தொகைக்குள் வேலை பார்ப்பவர்கள் ஒரு பெரிய கூட்டத்தை நடத்தாமல், இருபது தெருமுனைக் கூட்டம் நடத்துவது மேல்.

மைக்செட்

தெருமுனைக் கூட்டம், ஆட்டோ இரண்டுக்கும் அனுமதி தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளம் வழியாக. முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் இடம். பேருந்து நிலையம், சந்தை, தேரடி மூன்றையும் பெரிய கட்சிகள் முதல் மணி நேரத்திலேயே பிடித்துவிடும். சந்தை நாளையும் இடத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, போர்ட்டல் திறந்ததும் போடுங்கள்.

ஆட்டோவின் அனுமதிச் சீட்டு அசல் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நகல் வைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டியைப் பிடிப்பார்கள், அன்றைய நாள் போச்சு. ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பதிவு செய்த குரல் 40 வினாடிக்குள் இருக்கட்டும். ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும், வாசலில் நிற்பவருக்குக் காதில் விழுவது அரை நிமிடம்தான். வேட்பாளர் பெயர், சின்னம், அந்த ஊருக்கான ஒரு வாக்குறுதி, மறுபடியும் சின்னம். பாட்டு முன்னால் வைத்தால் பாட்டு மட்டும் கேட்கும், பெயர் அடுத்த தெருவில்தான் வரும்.

நோட்டீஸ் அச்சிடும்போது அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ). வெளியிடுபவர் கையெழுத்திட்ட உறுதிமொழி இரண்டு பிரதி, அவரைத் தெரிந்த இருவர் சான்றொப்பத்துடன் அச்சகத்துக்குத் தர வேண்டும். தவறினால் ஆறு மாதம் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நகர்ப்பகுதியில் சுவர் எழுத்து கூடாது. கிராமத்தில் வீட்டுக்காரர் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்த பிறகு நல்ல வாக்காளர் பலர் பேனர் வைத்தவரையே குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த உயிருக்குக் கொஞ்சம் மரியாதை காட்டுவதும் நம் கடமை.

எழுத்தெண்ணி

குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் பற்றி. தமிழில் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுதான் அடங்கும். ஆங்கில எழுத்தில் 160. அந்த எழுபதும் எழுபது எழுத்து அல்ல. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "வாக்களியுங்கள்" கண்ணுக்கு எட்டு எழுத்து, கணக்கில் 14. ஐந்து முறை எழுதினால் செய்தியே முடிந்தது. 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரித்து இரண்டு செய்திக்குக் கட்டணம் போடுவார்கள். "வணக்கம், அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று தொடங்குகிற செய்தி இரண்டு மடங்கு விலைக்குப் போவது இதனால்தான். சின்னம், வேட்பாளர் பெயர், பட்டன் எண் மூன்றையும் முதல் துண்டுக்குள் முடியுங்கள்.

மொத்தக் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரும் செய்தி மாதிரியும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும், வாபஸ் நாள் மாலையில் உட்கார்ந்து தொடங்கினால் கிடைக்காது. மொத்தக் குறுஞ்செய்தி, பதிவுக்குரல் அழைப்பு, சமூக ஊடக விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும். பதிவு பெற்ற கட்சி ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி 48 மணி நேரத்தில் மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பேஸ்புக்கில் அரசியல் விளம்பரம் போட, 2019 முதல் அடையாளம் சரிபார்த்து, பணம் யாருடையது என்ற வரியோடுதான் போட முடியும். அந்தச் சரிபார்ப்புக்கும் முன்கூட்டியே நாள் ஒதுக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் பெரும்பாலானோர் செய்யும் தவறு பிராட்காஸ்ட் பட்டியல். 256 பேர் வரை போடலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். 5,000 எண்ணை விலைக்கு வாங்கிப் பட்டியல் போட்டால் ஒன்றும் போகாது, எண்ணும் முடக்கப்படும். பலமுறை பகிரப்பட்ட செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். எனவே மேலிடத்திலிருந்து வந்த வீடியோவைப் பகிர்ந்துகொண்டே போவது ஓரிடத்தில் நின்றுவிடும். பூத் ஆள் தானே எடுத்த 30 வினாடி வீடியோ ("நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி இப்படி இருக்கிறது") புதுச் செய்தி என்பதால் தடையில்லாமல் போகும், பார்ப்பவரும் நம்புவார்.

கொள்ளிடக்கரை

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. கடைசி இரண்டு இரவில் கவர் வந்தால் 13 நாள் நடையும் வீண். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் பண விநியோகத்துக்காகத் தேர்தல் தள்ளிப்போனது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்து. இதைப் பேசாமல் திட்டம் போட்டு என்ன பயன்?

பாகம்எண்

நியாயமான கேள்வி. பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. உங்கள் பூத் ஆட்களுக்கு அந்தச் செயலியைப் பழக்கி வையுங்கள். வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்ப முடியாது, செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும்.

ஆனால் பணம் மட்டும் முடிவு செய்கிறது என்பது கணக்கில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் கொடுக்கிற இடத்தில் பணம் ஒன்றை ஒன்று அடித்துப்போடுகிறது. மிச்சம் இருக்கிற சில நூறு வாக்குதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. 2016-இல் ராதாபுரத்தில் 49. தியாகராய நகர் வித்தியாசத்தைப் பூத்துக்குப் பங்கிட்டால் ஒரு பூத்துக்கு ஒரு வாக்குகூட வராது. பூட்டிய வீடுகளுக்கு இரண்டாம் முறை போயிருந்தால் திரும்பியிருக்கக்கூடிய எண்ணிக்கை இது.

வீட்டு வாசலில் நின்று கேட்பதும் தொடர்புதான். 2021 ஜனவரி கடைசியில் திருவண்ணாமலையில் தொடங்கிய "உங்கள் தொகுதியில் ஸ்டாலின்" நிகழ்ச்சியைப் பாருங்கள். மனுவை எழுதி வாங்கி, பதிவு எண்ணோடு ரசீது கொடுத்து, 100 நாளில் தீர்வு என்று சொன்னார்கள். ஆட்சிக்கு வந்ததும் அதற்குத் தனித்துறையும் அமைத்தார்கள். எதிர்க்கட்சியால் உடனே எதையும் செய்து தர முடியாது. ஆனாலும் கையில் எண் போட்ட ஒரு சீட்டு இருந்தால் அந்த வீட்டுக்கும் கட்சிக்கும் நடுவில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பிரச்சாரத்துக்கு முந்தைய மாதங்களில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். முதியோர் உதவித்தொகை நின்றது, பட்டா மாறாதது, நூறு நாள் வேலைச் சம்பளம் பாக்கி என்று பூத் வாரியாக எழுதி, தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து, அதன் நகலை வீட்டுக்காரரிடம் தாருங்கள். பிரச்சாரத்தில் அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போகும்போது பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

தொகுதிப்பணி

பூத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? 90-இல் ஆள் இருக்கிறார்கள் என்பதற்காக அந்த 90-தானா?

பாகம்எண்

படிவம் 20-ஐ எடுங்கள். ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு அதில் இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் கிடைக்கும். 2019, 2021, 2024 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவனம்: 2021-இல் கொரோனாவுக்காக பூத்துக்கு 1,000 வாக்காளர் என்று குறைத்ததால் மாநிலத்தில் 88,937 பூத் இருந்தது. அந்தத் துணைப் பூத்தை மூல பூத்தோடு கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். தபால் வாக்கு பூத் வாரியாக வராது.

முதல் இரண்டு கட்சிக்கும் நடுவில் இடைவெளி குறைவாக, மூன்றாவதாக வருபவர் வாங்கியது அதிகமாக இருக்கும் பூத்தைக் குறியுங்கள். வாக்காளர் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத ஊர் அது. உங்கள் 90-இல் அப்படி எத்தனை வருகிறதோ அங்கே இரண்டு குழு போடுங்கள். ஒரே கட்சி 70 சதவீதம் வாங்கும் பூத்தில் ஆள் இருந்தாலும் அவரை அடுத்த ஊருக்கு மாற்றலாம், உறவு இருக்கும் பக்கமாக.

சாதிக் கணக்கைப் போட்டு ஊர் ஊராகப் பேசுவதைப் பலர் திட்டம் என்கிறார்கள். மதம், சாதி, மொழியின் பேரில் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-ன்படி ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு இது வாக்காளரின் சாதி, மதத்துக்கும் பொருந்தும் என்று விரித்துச் சொல்லிவிட்டது. ஜெயித்த பிறகு பதவி போவதற்கு ஒரு வீடியோ போதும்.

பலகைவரிசை

சின்னத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குப் பாதி வேலை அதுதான்.

சட்டமன்றத்தில் குறைந்தது 5 சதவீத இடத்தில் போட்டியிடுவதாக இருந்தால் பொதுச் சின்னம் கேட்கலாம். 234-க்கு 12 தொகுதி. முன்கூட்டியே, முதல் ஆளாக விண்ணப்பிக்க வேண்டும். நாம் தமிழர் கட்சிக்கு 2024-இல் கரும்பு விவசாயி சின்னம் போனது, முதலில் விண்ணப்பித்த வேறொரு கட்சிக்கு அது ஒதுக்கப்பட்டதால். ஒலிவாங்கி கிடைத்தது. புதுச் சின்னத்தோடு போய் எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கி, அதன் மூலமே மாநிலக் கட்சி அங்கீகாரமும் பெற்றார்கள். எனவே சின்னம் மாறினால் கதை முடிந்தது என்று பயப்பட வேண்டாம். ஆனால் மாறிய நாள் முதல் எல்லாப் பொருளிலும் ஒரே படம், ஒரே பெயர் இருக்க வேண்டும்.

சின்னத்தை மட்டும் சொன்னால் போதாது. இயந்திரத்தில் வரிசை இப்படி: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயரின் அகர வரிசை. ஒரு இயந்திரத்தில் 16 பட்டன், நோட்டாவையும் சேர்த்து. 15 வேட்பாளருக்கு மேல் போனால் இரண்டாவது இயந்திரம். 2021-இல் கரூரில் 77 பேர் நின்றார்கள், ஐந்து இயந்திரம் வைக்க வேண்டியதானது. நீங்கள் நடுப்பிரிவு என்பதால் பெயர் முதல் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியிலோ இரண்டாவதன் மேற்பகுதியிலோ விழும். "இரண்டாவது மெஷின், மேலிருந்து மூன்றாவது" என்று வாபஸ் நாள் மாலையே எல்லோருக்கும் போய்விட வேண்டும். முதல் இயந்திரத்தில் தேடிக் கிடைக்காமல் தெரிந்த சின்னத்தை அழுத்திவிட்டு வருகிற வயதானவர்கள் நிறைய.

மாதிரி இயந்திரம் காட்டலாம். மரம், பிளாஸ்டிக், பிளைவுட் எதிலும் இருக்கலாம். அசல் அளவில் பாதிதான் இருக்க வேண்டும். பழுப்பு, மஞ்சள், சாம்பல் நிறம். மாதிரி வாக்குச்சீட்டில் உங்கள் பெயரும் சின்னமும் அதன் இடத்தில் இருக்கலாம், மற்ற வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் குழுவில் ஒருவர் கையில் இது இருந்தால் 4 நிமிடத்தில் ஒரு நிமிடம் அதற்கே கொடுங்கள். பாட்டியின் விரலைக் கொண்டே அழுத்தச் சொல்ல வேண்டும். நாம் அழுத்திக் காட்டினால் நினைவில் நிற்காது.

பெயர்க் குழப்பமும் உண்டு. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் வேறு பலரும் நின்றார்கள். இயந்திரத்தில் ஒட்டும் வாக்குச்சீட்டில் இப்போது புகைப்படம் இருப்பதால், நோட்டீஸிலும் ஆட்டோவிலும் அந்த ஒரே புகைப்படத்தைப் போடுங்கள். கறுப்பு முடியும் கூலிங் கிளாசுமாக ஒரு படம், சீட்டில் வேறொரு படம் என்று இருந்தால் அடையாளம் தெரியாது.

கீழவீதி

85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே தபால் வாக்கு உண்டு. படிவம் 12டி, அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதாவது உங்கள் பிரச்சாரம் தொடங்கும் முன்பே அந்தக் கதவு மூடிவிடும். இவர்கள் வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வாக்களித்துவிடுவார்கள், எனவே முதல் மூன்று நாளில் இவர்களைப் பார்த்துவிடுங்கள். குழு எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்ற அட்டவணை வேட்பாளருக்குத் தரப்படும், ஏஜென்ட் உடன் போகலாம்.

தொகுதிப்பணி

நன்றி. வாக்குப்பதிவு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். 280-க்கும் ஏஜென்ட் போட ஆள் இல்லை.

பாகம்எண்

ஏஜென்ட் நியமனத்துக்குப் படிவம் 10 இரண்டு பிரதி, வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்திட்டது. அந்த பூத்திலோ பக்கத்து பூத்திலோ வாக்காளராக இருப்பவரைப் போட வேண்டும்; கிடைக்காவிட்டால் அதே தொகுதியின் வாக்காளர் எவரையும் போடலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. எனவே 90-க்கு வெளியே உள்ள பெரிய பூத்துக்கு இங்கிருந்து ஆள் அனுப்பலாம். ஒருவரும் மாற்று ஆட்கள் இருவரும். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஏஜென்ட் 5.15-க்கு அங்கே இருக்க வேண்டும். 90 நிமிடம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்கு, எல்லா பட்டனும் அழுத்தி, எண்ணிப் பார்த்து, பிறகு இயந்திரத்தில் அழித்து, விவிபேட் (யாருக்கு வாக்கு என்று சீட்டில் அச்சிடும் கருவி) சீட்டுகளை வெளியே எடுத்து முத்திரையிட வேண்டும். அழிப்பதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஏஜென்ட் வர வேண்டும் என்று 15 நிமிடம்தான் காத்திருப்பார்கள்.

வெளியே மேசை 100 மீட்டருக்கு அப்பால். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெயிலுக்கு ஒரு குடை. பூத் ஸ்லிப் வெள்ளைத் தாளில். கட்சிப் பெயர், சின்னம் எதுவும் கூடாது. 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்டால் வழக்கு. உள்ளே இருக்கும் ஏஜென்ட் யார் வாக்களித்தார்கள் என்று சீட்டு எழுதி வெளியே அனுப்பக் கூடாது, செல்போனும் உள்ளே கூடாது. ஆகவே யார் வரவில்லை என்ற கணக்கை வெளி மேசையில்தான் வைக்க முடியும். ஸ்லிப் கொடுக்கும்போதே நடை வரிசைப் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். 11 மணிக்கும் 3 மணிக்கும் கோடு விழாத வீடுகளுக்கு ஒருவர் நடந்து போய் நினைவூட்ட வேண்டும்.

செலவுப்பதிவேடு

நடந்து போய் நினைவூட்டலாம், வண்டி வைத்து அழைத்து வரக் கூடாது. வாக்காளரை ஏற்றி வர வேட்பாளர் தரப்பில் வண்டி பிடிப்பது 123(5)-ன்படி ஊழல் நடவடிக்கை, 133-ன்படி தண்டனையும் உண்டு. திருப்பூர், சென்னை, பெங்களூரில் வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்கு பஸ் பிடித்துக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறார்கள். கொடுக்கக் கூடாது. வாக்குப்பதிவுத் தேதியை இரண்டு வாரம் முன்பே அவர்களுக்குத் தெரிவித்து, அவர்களே டிக்கெட் எடுக்கச் சொல்வதுதான் வழி. அந்தப் பட்டியலைப் பூத் வாரியாகத் தனியாக வையுங்கள், வீட்டில் உள்ளவர்கள் போனில் பேசினால் போதும்.

கொள்ளிடக்கரை

பிரச்சாரம் ஓய்ந்த பிறகு வீடு வீடாகப் போகலாமா?

மைக்செட்

கூட்டம், ஊர்வலம், மைக், தொலைக்காட்சி எதுவும் கூடாது. தொகுதி வாக்காளராக இல்லாத கட்சிக்காரர்கள் வெளியேற வேண்டும். கும்பல் சேராமல், சத்தமில்லாமல், வாசலில் போய்ப் பேசுவதற்குத் தடை இல்லை. மூன்று பேர் குழுவாக இருப்பது அங்கேயும் கைகொடுக்கும்.

பாகம்எண்

கடைசியாக இரண்டு விஷயம். மாலையில் வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு. வரிசையின் கடைசி ஆளில் தொடங்கி முன்னோக்கி எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள். வேலை முடிந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லி வைத்தால் "நேரமாகிவிட்டது" என்று பாதியில் திரும்ப மாட்டார்கள்.

முடிந்ததும் படிவம் 17சி நகலை ஏஜென்ட் கையில் வாங்காமல் வெளியே வரக் கூடாது. மொத்தம் பதிவான வாக்கு, கட்டுப்பாட்டு இயந்திரத்தின் எண், முத்திரை எண்கள் அதில் இருக்கும். எண்ணும் மேசையில் உங்கள் ஆள் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம். கிடைத்த தாள்கள் எல்லாவற்றையும் அன்று இரவே ஓரிடத்தில் சேர்த்து, பூத் எண் வரிசையில் அடுக்கி, படமும் எடுத்து வைத்துவிடுங்கள். எந்த பூத்தில் ஏஜென்ட் இல்லையோ அந்தத் தாள் உங்களுக்கு வராது. ஆகவே ஆள் பற்றாக்குறை இருந்தால், எந்த பூத்தை விடுவது என்பதையும் இதை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.